இருமல் வராதவர்கள் விருந்து

ரத்தத்திலேயே வேகவைத்த மீனைத் தின்ன அழைத்துப் போகிறார்கள் என்று காரில் ஏறும்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்திருப்பேன்.

"போர்தோவுல பொறந்துட்டு லாம்ப்ரே சாப்பிட்டதில்லையா லூதோ?" என்றார் மதாம் ஓடில் கஸ்னாவ்.

"பார்த்திருக்கேன் மதாம். வட்டமாப் பல்லு வெச்ச பாம்பு அது. மத்த மீன்மேல ஒட்டிக்கிட்டு ரத்தம் உறிஞ்சுமாம். அதைப் பிடிச்சு, அதோட ரத்தத்தை வடிச்சு, அந்த ரத்தத்தையே குழம்பா வைக்கிறவங்ககூட நான் பேச்சு வார்த்தை வெச்சுக்கிறதில்லை."

"இன்னிக்கு வெச்சுக்கணும். வண்டியை அந்த மரத்தடியில நிறுத்து."

கரோன் நதி சேற்று நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் விருந்து மண்டபம். ஓடில் கஸ்னாவ் எங்கள் ஊரில் பெயர் பெற்ற துப்பறிவாளர். அறுபதை நெருங்குகிறவர். கைப்பையில் எப்போதும் கனெலே கேக் இருக்கும், பேச்சில் மட்டும் சர்க்கரை இருக்காது. நான் அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவதும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் இலாகா.

இன்று பையிலிருந்து கேக் வரவில்லை. ஒரு தடித்த ஸ்ட்ரா, அதற்குள் நுழைகிற ஒரு மெல்லிய கம்பி, கம்பி நுனியில் கட்டிய குட்டி பலூன், ஒரு காலி பாட்டில் எல்லாம் வந்தன.

"பாட்டிலை முழங்காலுக்கு நடுவுல வெச்சுக்கோ. பாட்டில் கழுத்தைப் பலூனால அடைக்கணும். ம், செய்."

இடது கையால் ஸ்ட்ராவைப் பிடித்தேன். வலது கையால் கம்பியைத் தள்ளினேன். பலூன் நழுவியது. மறுபடி தள்ளி, கழுத்தில் சரியாக உட்காரவைத்தேன்.

"அசையாதே. நிஜத்துல பாட்டிலுக்குப் பதிலா இதயம் இருக்கும். அதுவும் துள்ளிக்கிட்டே இருக்கும்."

"மதாம், மூக்கு அரிக்குது."

"அரிக்கட்டும். விட்டா நழுவிடும்."

காலையில் பெரிய ஆஸ்பத்திரியின் இதய டாக்டர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டு வந்திருந்தார். அந்தப் பாடத்தைத்தான் என் முழங்காலில் நடத்திக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் சொலாஞ்ச் தொசேன். ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்க்கும் கிராசியானின் மனைவி. அந்த வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"எங்க வீட்டுக்காரருக்கு இதயம் தாறுமாறா அடிச்சுக்கிற வியாதிங்க. மேலறை ரெண்டும் ஒழுங்காத் துடிக்காம நடுங்கிக்கிட்டே இருக்கும். ரத்தம் அங்கேயே தேங்கிக் கட்டியாயிடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா வாதம். அது வராம இருக்கத்தான் தினம் மாத்திரை. போன மாசம் டாக்டர் லெஸ்த்ராக் பனியால சுட்டுக் குணமாக்கிட்டேன்னு சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை விருந்துல இவர் மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போடப் போறார். போன வருஷம் அப்படிப் போட்ட ஃபிர்மின் அண்ணன் வாதம் வந்து செத்தே போயிட்டார். வேண்டாம்னு கெஞ்சினா, 'நீ என்ன டாக்டரா?'ன்னு கேக்கறார்."

பனியால் சுடுவது என்றால் என்ன என்பதைத்தான் மதாம் காலையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வருகிற ரத்தக்குழாய்களின் வாயிலிருந்துதான் பெரும்பாலும் அந்தக் கலகம் கிளம்புகிறதாம். தொடையிடுக்கில் ஒரு ஓட்டை போட்டு, அது வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை ஏற்றுவார்கள். நுனியில் இருக்கும் பலூன் அந்த வாயை அடைத்து, சுற்றியுள்ள சதையைக் குளிரில் சுட்டுவிடும். செத்த சதையைத் தாண்டிக் கலகம் உள்ளே வர முடியாது. நல்ல வித்தைதான். செய்தால்.

"நாம உள்ளே போய் ஒண்ணே ஒண்ணுதான் கண்டுபிடிக்கணும்" என்றார் மதாம். "கிராசியானுக்கு அது நிஜமாவே நடந்ததா, இல்லையா? அதுவும் அந்த டப்பா கையை விட்டுப் போறதுக்குள்ள."

"இப்ப மூக்கைச் சொறிஞ்சுக்கலாமா மதாம்?"

உள்ளே முப்பது பேர் சிவப்பு அங்கியில் இருந்தார்கள். எங்கள் ஊரில் திராட்சை ரசத்துக்கு ஒரு சகோதரர் சங்கம், சிப்பிக்கு ஒன்று, காளானுக்குக்கூட ஒன்று உண்டு. அங்கியும் பதக்கமும் இல்லாமல் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் ஒரு டாக்டரின் நோயாளிகள் சேர்ந்து சங்கம் வைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். பெயர் 'சீரான இதயச் சகோதரர்கள்'. நடுக்கூடத்தில் ஒரு பெரிய மரப்பீப்பாய், விளிம்புவரை சிவப்பு ஒயின். புதிதாகச் சேருகிறவர் தன் மாத்திரை டப்பாவை அதில் போட்டு மூழ்கடிக்க வேண்டுமாம். சுவர் முழுக்க ஒரு துணிப் பதாகை: 'இருநூறு இதயங்கள், ஒரே ஒரு குறை!'

டாக்டர் லெஸ்த்ராக் வந்தார். உயரம், வெள்ளி முடி, மூக்கைத் துளைக்கிற சென்ட். ஒவ்வொருவர் கையையும் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லி விசாரித்தார். விட்டுவிட்டு அடுத்த கையைப் பொத்தினார். மேசையில் உட்கார்ந்ததும் கிராசியான் ஓடிப்போய் கோப்பையை அவர் உதட்டருகே தூக்கிப் பிடித்தான். புதுச் சகோதரனுக்குக் கிடைக்கிற மரியாதையாம் அது. சிப்பி ஓடு கிழித்துக் காய்த்துப்போன கைகள், ஒரு வளர்ந்த மனிதருக்குப் பாலூட்டுவதுபோல ஒயின் ஊட்டின.

மேசையில் ஒரு நாற்காலி காலி. அதன்மேல் ஃபிர்மினின் அங்கி போர்த்தியிருந்தது.

"அவன் இதயம் கடைசிவரை கடிகாரம்" என்றார் டாக்டர், நாற்காலியைப் பார்த்து. "மூளைதான் துரோகம் பண்ணிடுச்சு." முப்பது பேரும் தலையாட்டினார்கள்.

மதாம் ஓடில் வேலையை ஆரம்பித்தார். குரலை நடுங்கவைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை எர்மீனிடம் சாய்ந்தார்.

"எனக்கும் இதே வியாதிதாம்மா. பயமா இருக்கு. ரொம்ப வலிக்குமோ?"

"வலியா? கொசுக்கடிகூட இல்லை. தொடையில ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான்."

"அப்புறம் இருமல் வரும்னாங்களே?"

"இருமலா? ஏன் இருமணும்?"

"ஐஸைக் கடிச்சா நெத்தியில சுருக்குனு குத்துமே, அந்த மாதிரி...?"

"யாரோ உங்களை மிரட்டியிருக்காங்க. டாக்டரய்யா என் தலைமாட்டுலயே உட்கார்ந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவரோட படகுக் கதையெல்லாம் சொன்னார். முடிஞ்சதே தெரியலை."

எதிரே இருந்த கசாப்புக்கடைக்காரர் ஆம்புரோஸ் வாயில் மீனோடு குறுக்கிட்டார். "எனக்கும் அதே படகுக் கதைதான்! மறுநாளே நான் பாதி மாட்டைத் தோள்ல தூக்கிட்டேன். மத்த டாக்டருங்ககிட்ட கும்பல் கும்பலா ஆளு நிக்கும். இவர்கிட்ட யாரும் கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் தங்கச்சி பொண்ணு ஒருத்தி மெஷினைப் பார்த்துப்பா, அவ்வளவுதான்."

மதாம் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"இதுவரைக்கும் பதினோரு பேர்கிட்ட கேட்டுட்டேன் லூதோ. பதினோரு பேருக்கும் பரம திருப்தி. எனக்கு வயித்தைப் பிரட்டுது."

"எனக்கும்தான் மதாம். ஆனா எனக்குக் காரணம் தட்டுல இருக்கு."

"விளையாடாதே. பனியால சுட்டா பலருக்கு இருமல் வரும், தலைவலி வரும், நெஞ்சு வலிக்கும். காலையில அந்த டாக்டர் சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னார். இங்கே ஒருத்தருக்குமா வராம இருக்கும்? போ, ஒரே ஒரு இருமலைக் கண்டுபிடிச்சுட்டு வா."

தேடவே வேண்டியிருக்கவில்லை. சமையலறைக் கதவோரம், தனி மேசையில், அங்கி நுனி கிழிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் க்ளோவிஸ், ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர். அவர் லேசாகக் கனைத்ததும் முன்மேசையிலிருந்து ஒருவன் கத்தினான். "குறை இருமுதுடா!" கூடமே சிரித்தது. க்ளோவிஸும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"என்ன அண்ணே, உங்களை மட்டும் கதவோரம் தள்ளிட்டாங்க?"

"நான்தான் தம்பி பதாகையில இருக்கிற அந்த ஒரே குறை. ஒன்றரை மாசம் இருமினேன். மாடி ஏறினா மூச்சு வாங்கும். வயித்துக்கு மேல ஒரு தசை தூங்கிப்போச்சாம். பிறகு அதுவா முழிச்சுக்கிச்சு."

"டாக்டரய்யா உங்க கையைப் பிடிச்சு படகுக் கதை சொல்லலையா?"

"எனக்கு எங்கே அந்தக் கொடுப்பினை! அன்னிக்கு அவர் குளியலறையில வழுக்கி விழுந்துட்டார். ஒரு சின்ன வயசு டாக்டரம்மாதான் செஞ்சாங்க. அரை மயக்கத்துல எனக்கு விக்கல் விக்கலா வந்துச்சு. நர்ஸ் ஒருத்தி என் வயித்துமேல கையை வெச்சுக்கிட்டு 'இருக்கு, இருக்கு, குறையுது'ன்னு கத்தினா. உடனே நிறுத்திட்டாங்க. என்னால அந்த டாக்டரம்மா வேலை போச்சு தம்பி. டாக்டரய்யா பேருக்குக் களங்கம் வந்துடுச்சுன்னு அனுப்பிட்டார்."

விஷயத்தை மதாம் காதில் போட்டேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"அந்த விக்கல் வேணும்னே வரவைக்கிறது. மூச்சுத் தசைக்குப் போற நரம்பு அந்தக் குழாய்ப் பக்கத்துலயே ஓடுது. அதுக்கும் பனி பட்டுடக் கூடாதுன்னு, மின்சாரத்தால விக்கலைக் கிளப்பி, வயித்துல கை வெச்சுப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. விக்கல் குறைஞ்சா நிறுத்தணும். க்ளோவிஸுக்கு எல்லாம் முறைப்படி நடந்திருக்கு."

"அப்படின்னா இங்கே குணமானவர்..."

"கதவோரம் உட்கார்ந்திருக்கார்."

"அப்ப போட்டு உடைச்சிடுங்க மதாம்!"

"எதை வெச்சு உடைக்கிறது? இருமல் வரலைங்கிறதைக் கோர்ட்டுல காட்ட முடியுமா? கிராசியான் நாடியைப் பிடிச்சுப் பார்த்தேன், தாறுமாறா ஓடுது. அந்த ஆளைக் கேட்டா, முதல் சில வாரம் அப்படித்தான் இருக்கும்பார். அதுவும் உண்மை. மாத்திரையை மட்டும் நிஜ டாக்டர் எவரும் இப்படித் திருவிழா வெச்சு நிறுத்தமாட்டார். சுட்ட பிறகும் வயசு, ரத்தக் கொதிப்பு எல்லாம் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்களாம். ஆனா இவங்க முன்னாடி அதைச் சொன்னா நம்மளைத்தான் பீப்பாயில போடுவாங்க."

அதற்குள் மேளம் கொட்டிவிட்டார்கள். கிராசியான் எழுந்தான். கையில் நீல டப்பா. முப்பது பேரும் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். சொலாஞ்ச் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏங்க, வேண்டாங்க. ஒரு மாசம் மட்டும் பொறுங்க. எனக்காக."

"எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே சொலாஞ்ச்."

"வீட்டுக்காரி பேச்சைக் கேட்டா மாத்திரை, டாக்டர் பேச்சைக் கேட்டா இதயம்!" என்று எவனோ கத்த, சிரிப்பு வெடித்தது. டாக்டர் லெஸ்த்ராக் எழுந்து வந்து சொலாஞ்சின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்" என்றார். சொலாஞ்சின் பிடி தளர்ந்தது. டப்பா பீப்பாயில் விழுந்து மூழ்கியது.

கைதட்டலில் என் காது அடைத்துப்போயிற்று. வந்த ஆத்திரத்தில் மூக்கின் நுனி அரித்தது. சொறியக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"மதாம்" என்றேன். "என் மூக்கு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்த மதாமின் முகத்தில் வெளிச்சம் வந்தது. கோப்பையைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"சகோதரர்களே! நானும் இவர்கிட்டயே செஞ்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஒரே ஒரு ஆசை. டாக்டரய்யா யார் யார் கையைப் பிடிச்சு ஆறுதல் சொன்னாரோ, அவங்க எல்லாம் அந்தக் கையைத் தூக்குங்க!"

கைகள் உயர்ந்தன. எர்மீன் கண்ணீரோடு தூக்கினார். க்ளோவிஸ் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தார்?"

"முடியிற வரைக்கும்!"

"எந்தக் கையால?"

"ரெண்டு கையாலயும்!" இருபத்தொன்பது தொண்டைகள்.

"அப்படியா. அப்ப குழாயை யார் பிடிச்சிருந்தா?"

ஆம்புரோஸ் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். தூக்கிய கைகள் இறங்காமல் அப்படியே நின்றன.

டாக்டர் புன்னகைத்தார். "இப்பல்லாம் மெஷின் மதாம். தானாவே செஞ்சுடும். நீங்க இந்தத் துறையில..."

"அப்படின்னா எனக்குச் செஞ்ச டாக்டரம்மா ஏன் ரெண்டு கையையும் எடுக்கவே இல்லை?" குரல் கதவோரத்திலிருந்து வந்தது. க்ளோவிஸ் எழுந்து நின்றிருந்தார். "நெத்தி வியர்வையைத் துடைக்கக்கூட நர்ஸைத்தானேங்க கூப்பிட்டாங்க?"

"குறை பேசுது!" என்று ஒருவன் ஆரம்பித்தான். யாரும் சிரிக்கவில்லை.

மதாம் ஸ்ட்ராவையும் கம்பியையும் பாட்டிலையும் மேசைமேல் வைத்தார். "சண்டை எதுக்கு? இந்தப் பாட்டில் கழுத்தைப் பலூனால அடைச்சுக் காட்டுங்க டாக்டரய்யா. என் லூதோவே செஞ்சுட்டான், உங்களுக்கு என்ன?"

நியாயமாகப் பார்த்தால் அந்த ஆள் மறுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவிடாமல் செய்தது நாங்கள் இல்லை, பக்தர்கள்தான். "காட்டுங்கய்யா! இவங்க வாயை அடைங்கய்யா!" என்று கிராசியான்தான் முதலில் கத்தினான். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

அவர் ஸ்ட்ராவை எடுத்தார். மேசைத் தட்டல் ஒவ்வொன்றாக நின்றது. பாட்டில் வாயில் ஸ்ட்ரா பட்டுப் பட்டு டக் டக் டக் என்று அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கூடத்தில் கேட்டது. கம்பி கீழே விழுந்தது. அவர் அவசரமாகக் கையை நீட்டிப் பக்கத்தில் இருந்தவர் கையைப் பொத்தப் போனார். எர்மீன் தன் கையை இழுத்துக்கொண்டார். பொத்திக்கொள்ள ஒரு கையும் கிடைக்காமல், இரண்டு கைகளும் எல்லோர் கண்முன்னும் நடுங்கின.

கோப்பையை ஏன் அடுத்தவர் தூக்க வேண்டியிருந்தது என்று கிராசியானுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் மதாம்.

"ரொம்ப நாளா." குரலில் இன்னமும் தேன் மிச்சமிருந்தது. "இந்தக் கையோட உள்ளே போனா இதயத்தைக் கிழிச்சுடுவேன்னு தெரியும். அதனால போகலை. தொடையில ஒரு ஓட்டை, அவ்வளவுதான். யோசிச்சுப் பாருங்க, உங்கள்ல ஒருத்தரைக்கூட நான் காயப்படுத்தலை."

இதற்கு மேல் அந்த ஆளை 'அவர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கை நடுங்குவது யாருக்கும் வரலாம், நாளை எனக்கும் வரலாம், அதற்கு இரக்கப்படுவேன். ஆனால் நிஜமாக இதயத்துக்குள் போய் வேலை பார்த்த ஒரே பெண்ணை அவன் விரட்டினான். குணமான ஒரே மனிதரைக் கதவோரம் உட்காரவைத்துச் சிரித்தான். ஃபிர்மினின் அங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, யாரையும் காயப்படுத்தவில்லை என்கிறான். தட்டில் கிடந்த அந்த மீனையாவது விழுங்கிவிடலாம் போலிருந்தது எனக்கு.

"இவர் எங்கேயும் போகாம பார்த்துக்கோ லூதோ, போலீஸ் வரட்டும்" என்றார் மதாம். அதற்கு நான் தேவைப்படவில்லை. ஆம்புரோஸ் கதவை மறித்து நின்றார், பாதி மாட்டைத் தூக்குகிற தோளோடு. "மத்தவங்க எல்லாரும் இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நிறுத்தின மாத்திரையைப் பத்தி அங்கே கேளுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

சலசலப்புக்கு நடுவே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. கிராசியான் அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, தோள்வரை கையைப் பீப்பாய்க்குள் விட்டு, அடிமண்ணில் சிப்பி தேடுகிறவன்போலத் துழாவிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் சிவப்பு. கடைசியில் நீல டப்பா மேலே வந்தது. உள்ளே தகட்டு உறைக்குள் மாத்திரைகள் நனையாமல் இருந்தன. அன்றைய மாத்திரையைப் பிரிக்க அவன் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. சொலாஞ்ச் வாங்கிப் பிரித்து, தண்ணீரோடு கொடுத்தார்.

"நான் டாக்டர் இல்லைதான்" என்றார். "ஆனாலும் முழுங்குங்க."

அவன் விழுங்கினான். பிறகு யாரையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து போய், சமையலறைக் கதவோரம் க்ளோவிஸின் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். ஈரக் கையிலிருந்து ஒயின் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாள் இருமினேன்னு சொன்னே?"

"ஒன்றரை மாசம்" என்றார் க்ளோவிஸ். "ராத்திரியெல்லாம் தூக்கமே கிடையாது. மாடி ஏற முடியாது. இவங்க வேற சிரிச்சே கொல்லுவாங்க."

கிராசியான் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த தன் நாடியைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கொடுத்து வெச்சவன்யா நீ" என்றான்.